தண்ணீர்மேல் ஒரு சந்தை

 

ஆழ்வார்திருநகரியிலிருந்து ஒரு சகோதரி இப்பகுதிக்கு மடல் எழுதியுள்ளார். இரத்தினக் கல் வாணிபம் செய்து பாங்காக் நகரில் வாழும் அவருடைய மகன், வாப்பாவும் உம்மாவும் ஒரு மாத காலம் தம்முடன் வந்து தங்கவேண்டும் என்று அழைத்திருக்கிறாராம். படகுகளில் நடக்கும் மிதக்கும் சந்தையைக் காட்டுவதாகவும் சொல்லியிருக்கிறாராம். சகோதரி கேட்பவை இரண்டு: "அங்கே நாம் நம்பி உண்ணத்தக்கது ஏதேனும் உண்டா? பிள்ளை வியர்வை சிந்திச் சேர்த்த பணத்தை வேடிக்கை பார்க்கச் செலவிடுவது விரயம் ஆகாதா?"

இரண்டும் நியாயமான கேள்விகள். கடல் கடந்து வாழும் பிள்ளைகளைப் பெற்ற எல்லாக் குடும்பங்களுக்கும் உரியவை என்பதால் சற்று விரிவாகவே பார்ப்போம்.

ஆறும் வாணிபமும்

தாமிரபரணிக் கரையில் வாழும் நமக்குத் தண்ணீர்வழி வாணிபம் புதிதன்று. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் இந்த ஆற்றின் முகத்துவாரத்தில்தான் பாண்டியரின் கொற்கைத் துறைமுகம் இருந்தது. ஆறு கொண்டுவந்த வண்டல் அதைத் தூர்த்தது, கடல் விலகியது, இன்று கொற்கை வயல்களுக்கு நடுவே ஒரு சிற்றூர். பின்னர் காயல் தலையெடுத்தது. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அங்கு வந்த மார்க்கோ போலோ, அரபு நாட்டுக் குதிரைகள் வந்திறங்கும் அதன் வளத்தை எழுதிவைத்தார். அந்தத் துறையும் தூர்ந்தது. துறைகள் தூர்ந்தனவே தவிர, மக்கள் முடங்கிவிடவில்லை. கொழும்புக்கும் கல்கத்தாவுக்கும் பர்மாவுக்கும் சென்றதுபோலவே பாங்காக்கிற்கும் சென்றார்கள். அந்நகரின் இரத்தினக் கல் வாணிபத்தில் காயல்பட்டினத்தாருக்கென்று ஓர் இடம் உண்டு என்பதை இவ்வட்டாரம் முழுவதும் அறியும்.

சந்தை ஏன் தண்ணீருக்குச் சென்றது?

1782-இல் பாங்காக் தலைநகராயிற்று. தாழ்வான வண்டல் நிலம். மண் சாலைகள் மழையில் சேறாகிவிடும். ஆகவே மன்னர்கள் கால்வாய்களை வெட்டினார்கள். நெல்லும் தேங்காயும் காய்கனிகளும் அவற்றின் வழியே வந்தன. வீடுகள் கரையில் தூண்கள்மேல் நின்றன. வாங்குவோரும் விற்போரும் படகில் வந்து கூடிய இடமே சந்தையாயிற்று. நம் ஊர்களில் முச்சந்தி எப்படியோ, அங்கே கால்வாய்கள் கூடும் இடம் அப்படி.

இவற்றுள் பெயர்பெற்றது தாம்னன் சதுவாக். பாங்காக்கிற்குத் தென்மேற்கே ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், ராட்சபுரி மாநிலத்தில் இருக்கிறது. நான்காம் ராமா மன்னரின் ஆணைப்படி 1866-இல் தொடங்கி 1868-இல் முடிக்கப்பட்ட, 32 கிலோமீட்டர் நீளமுள்ள கால்வாய் அது. மேக்லோங், தா சின் என்னும் இரு ஆறுகளை இணைக்கிறது. அதிலிருந்து கிளைவாய்க்கால்கள் வெட்டித் தோட்டங்கள் இட்டார்கள். பாத்திகளுக்கு இடையே நீர் ஓடும் அத்தோட்டங்கள் நம் ஆத்தூர் வெற்றிலைக் கொடிக்கால்களை நினைவூட்டும்.

1860-களில் பாங்காக்கில் புதுமுறைச் சாலைகள் வரத் தொடங்கின. அடுத்த நூறாண்டில் பல கால்வாய்கள் தூர்க்கப்பட்டன. வண்டி வந்தது, படகு ஒதுங்கியது. சந்தைகள் ஒவ்வொன்றாக மறைந்தன. இன்று எஞ்சியிருப்பவற்றுள் பல, வெளியூரார் வந்து காண்பதாலேயே பிழைத்திருக்கின்றன. இதை மனத்தில் கொண்டு சென்றால் ஏமாற்றம் இராது.

எந்தச் சந்தைக்குச் செல்வது?

தாம்னன் சதுவாக் காலைச் சந்தை. சுப்ஹு தொழுத உடனே புறப்பட்டால் வெயிலும் கூட்டமும் ஏறுமுன் பார்த்துவிடலாம். ஓலைத் தொப்பி அணிந்த பெண்கள் சாம்பான் எனப்படும் சிறு படகுகளில் பம்பிளிமாஸ், மங்குஸ்தான், ரம்புத்தான், இளநீர் ஆகியவற்றைப் பரப்பி வைத்திருப்பார்கள். விற்பனை பெரும்பாலும் பெண்கள் கையில்தான். அன்னை கதீஜா (ரலி) அவர்களின் வாணிபச் சிறப்பைப் போற்றும் நமக்கு இது வியப்பளிக்காது.

அம்பாவா, சமுத் சொங்க்ராம் மாநிலத்தில் உள்ளது. வெள்ளி, சனி, ஞாயிறுகளில் பிற்பகல் முதல் இரவு வரை நடக்கும். ஜும்ஆ முடித்துப் புறப்படுவோருக்கு ஏற்றது. சாலை வந்தபின் அடங்கிப்போயிருந்த இச்சந்தை 2004-இல் மீண்டும் உயிர்பெற்றது. இருட்டிய பிறகு கரையோர மரங்களில் மின்மினிகள் மொய்ப்பதைப் படகில் சென்று காணலாம். படைத்தவனின் கைவண்ணத்தைக் கண்டு நாவு தானே தஸ்பீஹ் சொல்லும்.

தொலைவு செல்ல இயலாத முதியோருக்கு, பாங்காக்கின் மேற்குப் பகுதியிலேயே தாலிங் சான், லாட் மயோம் ஆகிய வார இறுதிச் சந்தைகள் உண்டு. அங்கே உள்ளூர்க் குடும்பங்களே மிகுதியாக வருகின்றன. அப்பக்கம் செல்வோர் பாங்காக் யாய் கால்வாய்க் கரையிலுள்ள பாங் லுவாங் பள்ளிவாசலையும் காணலாம். தாய்லாந்துக் கட்டடப் பாணியில் வெண்ணிறமாக எழுந்த பள்ளி அது. குவிமாடம் இல்லை, ஆனால் பாங்கொலி உண்டு.

தாம்னன் சதுவாக், அம்பாவா போன்ற தொலைவிடங்களுக்குச் செல்லும் நாளில் கஸ்ர், ஜம்உ பற்றிய சட்டத்தை உங்கள் ஊர் ஆலிமிடம் முன்னரே கேட்டுக்கொள்ளுங்கள்.

உண்பது எதை?

தாய்லாந்தில் முஸ்லிம்கள் சிறுபான்மையினர். ஆயினும் பழைமையானவர்கள். 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பாரசீகத்து வணிகர் ஷைகு அஹ்மத் அயுத்தயா அரசவையில் உயர்பதவி பெற்று, முஸ்லிம்களின் தலைவராக விளங்கினார். 'மசமான்' என்று இன்று உலகெங்கும் பேசப்படும் தாய்க் குழம்பின் பெயரும் 'முஸல்மான்' என்ற சொல்லின் திரிபே என்பர்.

எனினும் சந்தைப் படகில் ஏறும் எல்லாமே நமக்கு ஆகுமானவை அல்ல. முதலில் எச்சரிக்க வேண்டியது 'படகு நூடுல்ஸ்'. சிறு கிண்ணத்தில் வரும், மணம் அழைக்கும். அதன் சாற்றைக் கெட்டியாக்கப் பன்றி அல்லது மாட்டின் இரத்தம் சேர்ப்பது வழக்கம். மாட்டிறைச்சி என்று சொன்னாலும், அறுத்தது யார் என்பது ஒருபுறம் இருக்க, ஓடும் இரத்தமே ஹராம் அல்லவா? கம்பியில் கோத்துச் சுடும் இறைச்சியிலும் பன்றி மிகுதி. வறுவலுக்குப் பன்றிக் கொழுப்பைப் பயன்படுத்துவோரும் உண்டு. கோழி தனியே இருந்தாலும் சுடும் அடுப்பு ஒன்றாக இருக்கலாம்.

அப்படியானால் பட்டினியா? இல்லை. சாய்சதுரக் கட்டத்தினுள் அரபு எழுத்தில் 'ஹலால்' என்று பொறித்த முத்திரையைத் தேடுங்கள். தாய்லாந்து இஸ்லாமிய மத்தியக் குழுவின் அங்கீகார முத்திரை அது. தலையில் முக்காடிட்ட பெண்களும் தொப்பியணிந்த ஆண்களும் நடத்தும் ரொட்டிக் கடைகள் பல சந்தைகளில் உண்டு. நம் பிரியாணியின் தங்கையான 'காவ் மொக்' சோறும் அவர்களிடம் கிடைக்கும். வாய்திறந்து கேட்க வெட்கப்பட வேண்டாம். அங்குள்ளோர் அக்கேள்விக்குப் பழகியவர்கள், முகம் சுளிக்காமல் மறுமொழி சொல்வார்கள்.

பழங்களுக்கு ஐயமே இல்லை. அரிசி மாவும் தேங்காய்ப்பாலும் கலந்து குழிச்சட்டியில் வார்க்கும் 'கனோம் க்ரோக்', நம் குழிப்பணியாரத்தின் உறவு. தேங்காய்ப்பால் ஊற்றிய பசையரிசிச் சோறும் மாம்பழமும் சேர்ந்த இனிப்பை மாம்பழக் காலத்தில் சென்றால் தவறவிடாதீர்கள். அம்பாவாப் பக்கம் தென்னம்பாளையின் பதநீரைக் காய்ச்சிச் சர்க்கரை எடுக்கிறார்கள். உடன்குடிக் கருப்பட்டி காய்ச்சும் பக்குவத்தை அறிந்தவர்கள் அந்தக் கொப்பரை அருகே நின்றால் தம் ஊரிலேயே நிற்பதாக உணர்வார்கள்.

விலையும் நாணயமும்

படகில் ஏறுமுன் மூன்றைத் தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்: கட்டணம் ஆளுக்கா, படகுக்கா? எவ்வளவு நேரம்? எங்கெங்கே நிறுத்துவார்? வழியிலேயே வண்டியை மறித்துத் தனியார் படகுத்துறைக்கு அழைத்துச் சென்று பன்மடங்கு பணம் பறிப்போர் உண்டு. பேச்சு தெளிவில்லாத கொடுக்கல் வாங்கலை நம் மார்க்கம் தடுத்திருப்பதன் நன்மை இத்தகைய இடங்களில் விளங்கும்.

பொருளின் விலையைக் குறைத்துக் கேட்பதில் தவறில்லை. ஆனால் வெயிலில் துடுப்பு வலிக்கும் முதியவளிடம் ஐந்து பாத்துக்காக மல்லுக்கு நிற்பது முஸ்லிமுக்கு அழகன்று. மறுபுறம், கருப்பட்டியில் வெள்ளைச் சர்க்கரை கலப்பது இங்கே நடப்பதுபோல், தென்னஞ்சர்க்கரையிலும் கரும்புச் சர்க்கரை கலப்பது அங்கே நடக்கிறது. தானியக் குவியலுக்குள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டு உள்ளே மறைந்திருந்த ஈரத்தைக் கண்டு, விற்றவரைக் கண்டித்த நிகழ்ச்சியை நாம் அறிவோம். வாங்கும்போது மட்டுமன்று, விற்கும்போதும் அது நினைவிருக்கட்டும்.

சிலைகளும் உருவங்களும் அங்கே மலிவாகக் கிடைக்கும். அவை நமக்கு வேண்டா. புத்தர் சிலைகளை உரிய அனுமதியின்றி நாட்டுக்கு வெளியே கொண்டுசெல்வது அந்நாட்டுச் சட்டப்படியும் குற்றம். அதே வேளையில், பிறர் வணங்குவதை இழித்துப் பேசலாகாது என்பது நம் திருமறையின் கட்டளை. விருந்தாளியாகச் சென்ற நாட்டில் அது இன்னும் கடமை.

விரயமா, படிப்பினையா?

சகோதரியின் இரண்டாம் கேள்விக்கு வருவோம். பூமியில் பயணம் செய்து சிந்திக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் அழைக்கிறது. பெற்றோரை மகிழ்விக்க ஒரு மகன் செலவிடுவது நன்மையே. அண்டை வீட்டார் வியக்க வேண்டும் என்று பெட்டி நிறையப் பிளாஸ்டிக் பொம்மைகளை வாங்கி, அதற்கு மகன் கடன்பட நேர்ந்தால், அதுதான் விரயம். எல்லையை நிர்ணயிப்பது செல்லும் இடமன்று, உள்ளத்தின் நிய்யத்து.

படகுச் சந்தையைக் காணத் தாய்லாந்துக்குத்தான் செல்லவேண்டும் என்பதும் இல்லை. காஷ்மீரின் தால் ஏரியில் நம் சகோதரர்கள் விடியலில் காய்கறிச் சந்தை நடத்துகிறார்கள். நாணலும் சேறும் கொண்டு அமைத்த மிதக்கும் தோட்டங்களில் விளைந்தவற்றையும், தாமரைத் தண்டையும் படகில் ஏற்றி வந்து, வெயில் ஏறுமுன் விற்றுக் கலைகிறார்கள். பயணி ஒருவர்கூட வராவிட்டாலும் அந்தச் சந்தை நடக்கும். ஏனெனில் அது காட்சியன்று, பிழைப்பு.

பயணத்திலிருந்து நாம் கொண்டுவர வேண்டிய சிந்தனை இதுதான். கால்வாயைத் தூர்த்த ஊரில் சந்தையும் போயிற்று, வெள்ளம் வடியும் வழியும் குறைந்தது. 2011-இல் தாய்லாந்து கண்ட பெருவெள்ளத்தையும், 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டி, தாமிரபரணிக் கரையெங்கும் தெருக்களில் படகு விட நேர்ந்ததையும் சேர்த்து எண்ணிப் பாருங்கள். வாய்க்காலில் குப்பை கொட்டும் கை நம் வீட்டுக் கையாக இருக்கலாகாது. ஓடும் ஆற்றில் ஒளூச் செய்தாலும் நீரை வீணாக்காதே என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம்.

சகோதரிக்கு இன்னொரு யோசனை. போகும்போது வெறுங்கையாய்ப் போகாதீர்கள். இதே தாமிரபரணிக் கரையில் பத்தமடையில் நம் சமுதாயப் பெண்கள் ஆற்றோரக் கோரையைக் கிழித்து, ஊறவைத்து, பட்டுப்போல் நெய்யும் பாய் இருக்கிறது. மகன் வீட்டுக்கு ஒன்றும், அவருக்குத் துணையாயிருக்கும் அண்டை வீட்டாருக்கு ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். உடன்குடிக் கருப்பட்டியும் கொஞ்சம் கட்டிக்கொள்ளுங்கள். தென்னஞ்சர்க்கரை காய்ச்சும் நாட்டார் அதன் அருமையை அறிவார்கள்.

கண்ணியமான பயணத்தையும், ஹலாலான உணவையும், பெற்றோரும் பிள்ளைகளும் கூடி மகிழும் நாள்களையும் வல்ல அல்லாஹ் நம் குடும்பங்களுக்கு அருள்வானாக! ஆமீன்.