முற்றத்தை மூடாதீங்க பாஸ்!

பாண்டிச்சேரி டூர்னா நம்ம மக்களுக்கு பீச், ஒயிட் டவுன் மஞ்சள் சுவர், அதுல சாய்ஞ்சு நாலு போட்டோ. அவ்வளவுதான்! அடுத்த தடவை பெரிய வாய்க்காலைத் தாண்டி மேற்கே வாங்க. வைசியாள் வீதி. வாசல்ல தாழ்வாரம், திண்ணை, உள்ளே முற்றம்னு பழைய தமிழ் வீடுகள். ஐரோப்பிய யூனியன் நிதியில, இன்டாக் அமைப்பு கைகொடுக்க, வீதியோட முகப்பைப் பழைய அழகுக்குக் கொண்டு வந்தாங்க. 2008-ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதும் கிடைச்சது.

முகப்பு ஓகே. உள்ளே குடியிருக்கிறவங்க? குறுகலான வீடு. ஏ.சி. வேணும், அட்டாச்டு பாத்ரூம் வேணும், மாடுலர் கிச்சன் வேணும். கேட்கிறதுல தப்பே இல்லை. வீட்டை இடிச்சுட்டு அபார்ட்மென்ட் கட்டுறதுக்கு இது எவ்வளவோ தேவலாம். ஆனா, 'காண்டம்பரரி கிளாசிக்' லுக் வேணும்னு முதல்ல கை வைக்கிறது எங்கே தெரியுமா? முற்றத்துல! மேலே கண்ணாடி, கீழே சோபா. ஹால் பெருசாகிடும், சரி. ஆனா, சூடான காத்து வெளியே போன வழி அடைஞ்சிடுமே! அப்புறம் ராத்திரி பகலா ஏ.சி. ஓடாம என்ன செய்யும்? மழைதான் பிரச்னைன்னா கூரையைச் சுவருக்கு மேலே கொஞ்சம் தூக்கிப் போட்டு, சுத்தி இடைவெளி விடுங்க. வெளிச்சமும் வரும், காத்தும் போகும்.

அடுத்த வில்லன் சிமென்ட். (சிவில் பசங்க முறைக்காதீங்க!) அந்தச் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும். தரையிலிருந்து ஏறுற ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுடும். அதுமேல சிமென்ட் பூசினா, ஈரம் உள்ளேயே மாட்டிக்கிட்டு இன்னும் உயரமா ஏறும். உப்பு பூத்து, பெயின்ட் உரிஞ்சு, போட்ட காசெல்லாம் தரையில உதிரும். சுண்ணாம்புன்னா காய டைம் எடுக்கும், கைத்தேர்ந்த கொத்தனாரைத் தேடணும். தேடுங்க!

மேல்தளம் மெட்ராஸ் டெரஸா இருந்தா இன்னும் உஷார். மர உத்தரங்கள் மேல செங்கல்லைக் குறுக்குவாட்டுல குத்துக்கல்லா அடுக்கின தளம் அது. அங்கே பாத்ரூம் வெச்சு, பைப் கசிஞ்சா, சுவருக்குள்ள இருக்கிற உத்தர முனைதான் முதல்ல உளுத்துப்போகும். வெளியே ஒண்ணுமே தெரியாது. பாத்ரூமைக் கீழேயே, பின்கட்டுல வெச்சுக்கலாமே?

சின்ன வீட்டுக்கு ஃபர்னிச்சர் கம்மி போதும். திண்ணையில மெத்தை போட்டா அதுதான் சோபா. சுவர் மாடம் புக் ஷெல்ஃப். வைஃபை ரூட்டரை மட்டும் முற்றத்தைப் பார்த்த மாதிரி வைங்க, அந்தத் தடிச் சுவரைத் தாண்டி சிக்னல் வர ரொம்பவே திணறும்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு டாபிக் தேடுற சிவில் மக்களே! பழைய செங்கல்ல ரெண்டு குட்டிச் சுவர் கட்டி, ஒண்ணுல சுண்ணாம்பு, இன்னொண்ணுல சிமென்ட் பூசி, அடியில தண்ணி தேக்கி வைங்க. ஈரம் எதுல எவ்வளவு உயரம் ஏறுதுன்னு ஸ்கேல் வெச்சே அளந்துடலாம்.