கார் ஓடும்போது தானாக 'வால்' தூக்குவது ஏன்? ஸ்பாய்லருக்கும் இன்ஜின் சூட்டுக்கும் என்ன கனெக்‌ஷன்?

2025 ஜனவரியில் துபாய் 24 மணி நேர ரேஸில், அஜித்குமார் ரேஸிங் அணியின் போர்ஷே 911 ஜிடி3 கப் கார் 992 பிரிவில் மூன்றாவது இடம் பிடித்தது. அதுக்குப் பிறகு தமிழ்நாட்டில் போர்ஷே என்ற பெயரைக் கேட்காதவர்கள் ரொம்பவே குறைவு. அந்த ரேஸ் காரின் பின்னால் இருப்பது அசையாத, பெரிய இறக்கை. ஆனால் ரோட்டில் ஓடும் 911-ல் கதையே வேற. வேகம் எடுத்ததும் பின்பக்கம் ஒரு பட்டை தானாக மேலே எழும்பும், வேகம் குறைந்தால் உள்ளே போய் ஒளிந்துகொள்ளும்.

"சும்மா பந்தாவுக்குத்தான்" என்பார்கள் சிலர். "வண்டி பறக்காமல் இருக்க" என்பார்கள் வேறு சிலர். "இன்ஜின் கூலிங்குக்கு" என்று சொல்பவர்களும் உண்டு. பந்தாவை விட்டுவிடலாம். மற்ற இரண்டும் உண்மைதான். அந்த இரண்டு வேலையையும் செய்வது ஒரே காற்றழுத்தம்.

இன்ஜின் பின்னால் இருப்பதுதான் விஷயம்

சிவகிரி பஸ் ஸ்டாண்டு பக்கம் நிற்கும் ஆட்டோவுக்கும் 911-க்கும் ஒரு ஒற்றுமை உண்டு. ரெண்டுக்கும் இன்ஜின் பின்னால்தான். முன்னால் இன்ஜின் உள்ள காரில் எதிர்காற்று நேராக கிரில் வழியாக ரேடியேட்டரில் மோதும். பின்னால் இன்ஜின் என்றால் காற்றை எங்கிருந்தாவது பிடித்து இழுக்க வேண்டும். 911-ல் அதற்கான வழி, பின் கண்ணாடிக்குக் கீழே உள்ள இன்ஜின் மூடியின் கிரில்.

சிக்கலும் அங்கேதான். 911-ன் கூரை பின்னோக்கி வளைந்து சரிந்து இறங்கும். அந்த வளைவின் மேல் காற்று வேகமாக ஓடும்போது அங்கே அழுத்தம் குறைகிறது. விளைவு, காரின் பின்பக்கம் லேசாக மேலே தூக்கும். அதே இடத்தில்தான் கிரிலும் இருக்கிறது என்பதால், உள்ளே போக வேண்டிய காற்றும் சரியாகப் போகாது.

இப்போது வாய்க்காலை நினைத்துப் பாருங்கள். ஓடுகிற தண்ணீருக்குக் குறுக்கே ஒரு பலகையைப் போட்டால், பலகைக்கு முன்னால் தண்ணீர் மட்டம் ஏறும். ஏறிய தண்ணீர் பக்கத்து மடை வழியாக வயலுக்குள் பாயும். ஸ்பாய்லர்தான் அந்தப் பலகை. அது எழும்பியதும் அதற்கு முன்னால் காற்று வேகம் குறைந்து, அழுத்தம் கூடுகிறது. கூடிய அழுத்தம் காரின் பின்பக்கத்தைக் கீழே அமுக்குகிறது. அதே அழுத்தம் காற்றை கிரிலுக்குள்ளும் தள்ளுகிறது.

மூடியைத் திறந்து வைத்து ஓட்டிய காலம்

1960-களில் ஃபியட் 600-ஐ அடிப்படையாகக் கொண்ட அபார்த் ரேஸ் கார்கள், பின் இன்ஜின் மூடியைத் தூக்கிக் கட்டியபடியே ஓடின. சூடு தணியச் செய்த ஏற்பாடு அது. தூக்கி நின்ற மூடி கிட்டத்தட்ட ஸ்பாய்லர் வேலையையும் பார்த்தது.

போர்ஷே 1972-ல் கொண்டுவந்த கரேரா ஆர்எஸ் 2.7-க்கு வாத்து வால் போல ஒரு நிலையான ஸ்பாய்லர் இருந்தது. அதனால் பின்பக்கம் தூக்குவது குறைந்தது, இன்ஜினுக்குக் காற்றும் கூடுதலாகக் கிடைத்தது, உச்ச வேகமும் மணிக்கு 4.5 கி.மீ. ஏறியது. பிறகு 1989-ல் விற்பனைக்கு வந்த 964 மாடலில், சுமார் 80 கி.மீ. வேகத்தில் தானாக எழும்பும் ஸ்பாய்லர் வந்தது. அப்போதைய 911 இன்ஜின் காற்றாலேயே குளிர்வது. மூடியோடு சேர்ந்த ஸ்பாய்லர் எழும்பினால் காற்று நுழையும் வாயும் அகலமாகும்.

1990-களின் இறுதியில் 911 தண்ணீர் கூலிங்குக்கு மாறி, ரேடியேட்டர்கள் முன்பக்கம் போய்விட்டன. அப்போ ஸ்பாய்லருக்குக் கூலிங் வேலை போச்சா? கொஞ்ச காலத்துக்கு அந்த வேலை குறைந்துதான் இருந்தது. ஆனால் 2015-ல் சாதாரண கரேரா மாடலுக்கும் டர்போ வந்தது. டர்போ காற்றை அமுக்கும்போது அது சூடாகும். சூடான காற்றில் அடர்த்தி குறைவு, ஆக்ஸிஜனும் குறைவு, பவரும் குறையும். அதனால் அந்தக் காற்றை இன்டர்கூலரில் குளிர்வித்துத்தான் இன்ஜினுக்கு அனுப்புகிறார்கள். பின்னால் இருக்கும் அந்த இன்டர்கூலருக்குக் காற்று போகும் வழி, மறுபடியும் அதே பின் கிரில்தான். எனவே வெப்பம் ஏறினால், வழக்கமான வேகத்தை எட்டும் முன்பே ஸ்பாய்லர் எழும்பும்படி கணினி உத்தரவு கொடுக்கும். நம்ம ஊர் வெயிலில் மெதுவாகப் போகும் 911 வால் தூக்கினால் ஓட்டுநர் சீன் போடுகிறார் என்று அவசரப்பட்டு முடிவு கட்ட வேண்டாம்.

நம்ம ஹேட்ச்பேக்கில் மாட்டினால்?

'கூலிங்குக்கு நல்லது' என்று சொல்லி யாராவது ஸ்பாய்லர் விற்க வந்தால் உஷார். நம்மூரில் ஓடும் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்ஜினும் ரேடியேட்டரும் முன்னால். டிக்கி மேல் ஒட்டும் பட்டையால் இன்ஜின் சூடு ஒரு டிகிரிகூடக் குறையாது. பாடியை வெட்டி, ஆர்சி விவரத்தோடு ஒத்துப்போகாத அளவுக்கு மாற்றினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே கிடைக்கலாம். அதே 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும், தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று கேரள வழக்கு ஒன்றில் தெளிவாகச் சொல்லிவிட்டது.

உண்மையான சூட்டுப் பிரச்சினை வருவது மலை ஏறும்போது. சிவகிரியிலிருந்து தென்காசி, செங்கோட்டை தாண்டி புளியரை எஸ் வளைவில் ஃபுல் லோடோடு ஏறும் காரை யோசியுங்கள். இன்ஜினுக்கு வேலை அதிகம், வண்டி வேகமோ குறைவு, எதிர்காற்றும் இல்லை. அங்கே காப்பாற்றுவது ரேடியேட்டர் ஃபேனும் கூலன்ட்டும்தான். கிளம்பும் முன், இன்ஜின் ஆறியிருக்கும்போதே கூலன்ட் அளவைப் பார்த்துவிடுங்கள். டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போனால் ஏசியை ஆஃப் செய்து, ஓரமாக நிறுத்துங்கள். ரேடியேட்டர் மூடியை மட்டும் உடனே திறக்காதீர்கள். உள்ளே அழுத்தத்தில் இருக்கும் கூலன்ட் கொதிக்கக் கொதிக்க முகத்தில் பீய்ச்சி அடிக்கும். இன்ஜின் முழுசாக ஆறிய பிறகு, துணியைப் போட்டு மெதுவாகத் திறக்கலாம்.