என்ன பயன் என்று கேட்போருக்கு

"வயலுக்கு நீரில்லை, இளைஞருக்குத் தொழிலில்லை. இந்நிலையில் பாம்பில் ஆண் எவ்வாறு பிறக்கிறது, பெண் எவ்வாறு பிறக்கிறது என்று ஆராய்ந்து வன்னி மக்களுக்கு என்ன பயன்?" இவ்வாறு வினவுவோர் நம்மிடையே உளர். கற்றோரும் வினவுகின்றனர், அதுவும் மக்களின் பெயரால் வினவுகின்றனர். இவ்வினா மக்கள் சார்பானதன்று என்பதே நமது வாதம்.

ஒரு வரலாற்றைப் பார்ப்போம். உத்தரப் பிரதேசத்து ஜௌன்பூர் மாவட்டத்தில் கல்வாரி என்னும் சிற்றூரில், எளிய விவசாயக் குடும்பத்தில் 1947இல் பிறந்தவர் லால்ஜி சிங். காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பாம்புகளின் நிறமூர்த்தங்களை ஆராய்ந்து 1971இல் கலாநிதிப் பட்டம் பெற்றார்.

அவர் எடுத்துக்கொண்ட வினா யாது? மனிதரில் பிள்ளை ஆணா பெண்ணா என்பதைத் தீர்மானிப்பது தந்தையின் விந்து. பெண் பெற்றவளை ஏசுவோர் இதனை அறிவாராக! நமது குளங்களில் வாழும் முதலையிலோ முட்டை புதைந்த மண்ணின் வெப்பமே அதனைத் தீர்மானிக்கிறது. பாம்புகள் பலவற்றில் தாயின் முட்டை தீர்மானிக்கிறது: ஆணிடம் இரண்டு இசெட் நிறமூர்த்தங்கள், பெண்ணிடம் ஓர் இசெட்டும் ஒரு டபிள்யூவும். சில பாம்பினங்களில் இவ்விரண்டும் உருவத்தில் ஒத்திருக்கின்றன. வேறு சிலவற்றில் டபிள்யூ பெரிதும் மாறியிருக்கிறது. ஒத்த இணை வேறுபட்டது எவ்வாறு? இதுவே வினா.

விடை தேடிய அவர் எடின்பரோ சென்றார். நமது வயல்வரம்பில் நாம் அஞ்சி ஒதுங்கும் கட்டுவிரியனுக்கு இனமான, கறுப்பும் மஞ்சளுமாகப் பட்டையிட்ட விரியனின் டி.என்.ஏ.யில், டபிள்யூ நிறமூர்த்தத்திலே திரண்டு கிடந்த ஒரு பகுதியை 1980இல் உடனாய்வாளருடன் சேர்ந்து வெளிப்படுத்தினார். ஜி, ஏ, டி, ஏ என்னும் நான்கெழுத்து அதில் மீண்டும் மீண்டும் வருவது பின்னர்த் தெரியவந்தது. எலியிலும் மனிதனிலும் அதே தொடர் இருந்தது. இதுவே பாலைத் தீர்மானிப்பது போலும் என்ற எண்ணமும் எழுந்தது. ஆனால் 1990இல் எஸ்.ஆர்.வை. என்னும் பரம்பரையலகு கண்டறியப்பட்டபோது, மனிதரில் ஆண்மைக்கு வித்திடுவது அதுவே எனத் தெளிவாயிற்று.

பயன்வாதிகள் இதனைத் தோல்வி என்பர். பொறுங்கள்! அந்நான்கெழுத்துத் தொடர் எத்தனை முறை மீள்கிறது என்பது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. லெஸ்டரில் அலெக் ஜெப்ரிஸ் 1984இல் வேறு வழியால் டி.என்.ஏ. அடையாளமுறையைக் கண்டார், லால்ஜி சிங் ஐதராபாத்திலே பாம்பு தந்த அத்தொடரைக் கொண்டே 1988இல் அதனைச் செய்து காட்டினார். தந்தைமையை ஒருவன் மறுக்க, ஜீவனாம்சம் கேட்டு நின்ற தாய்க்குத் தலைச்சேரி நீதிமன்றில் துணை நின்றது அம்முறையே. எலும்புக்கு உரியவரைக் கண்டறியும் இன்றைய முறையும் இத்தகைய குறுந்தொடர்களின் மீள்வையே எண்ணுகிறது.

இப்போது வன்னிக்கு வருவோம். 2023 யூன் 29 அன்று முல்லைத்தீவுக் கொக்குத்தொடுவாயில் நீர்க்குழாய் பதிக்கத் தோண்டிய மண்ணில் மனித எலும்புகள் வெளிப்பட்டன. 2024 யூலையில் அகழ்வு முடிவுற்றபோது 52 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டிருந்தன. இவர்கள் யாருடைய பிள்ளைகள்? 2017 பெப்ரவரி 20 அன்று கிளிநொச்சியில் வீதிக்கு வந்த தாய்மார் கேட்பதும் தம் பிள்ளைகள் எங்கே என்றுதான். எலும்பை அடையாளங்காண உறவினரின் குருதி மாதிரி வேண்டும். பெற்றோரோ விடை காணாமலே ஒருவர் பின் ஒருவராக மறைகின்றனர். மாதிரி கொடாமல் மறையும் ஒவ்வொரு தாயோடும் ஒரு சாட்சியும் புதைகிறது.

ஆர்ஜன்ரீனாவிலே பேரப்பிள்ளைகளைப் பறிகொடுத்த பாட்டிமார் பரம்பரையியல் அறிஞரை நாடிச் சென்றனர். போராடி 1987இல் சட்டத்தின் வழி தேசிய மரபுத்தரவு வங்கியைப் பெற்றனர். கடத்தப்பட்ட குழந்தைகள் பலர் வளர்ந்தபின் இனங்காணப்பட்டனர். தாய்மாரின் நம்பிக்கைக்குரிய, அதிகாரத்தின் கைபடாத மேற்பார்வையில் அத்தகைய வங்கி இங்கும் வேண்டும்.

"பழைய எலும்பைத் தோண்டி என்ன பயன்?" என்று அதிகாரம் கேட்கிறது. "பாம்பை ஆராய்ந்து என்ன பயன்?" என்று நம்மவர் கேட்கின்றனர். இரண்டும் ஒரே குரல் அன்றோ? அறியாதே, கேளாதே என்பதே இரண்டின் பொருளும். வன்னியின் வறுமையை ஆய்வுகூடங்கள் உண்டாக்கவில்லை. போரும் காணிப் பறிப்பும் உண்டாக்கின.

ஆசிரியர்களே, மாணவர்களே! வவுனியாவில் 2021 முதல் தனிப் பல்கலைக்கழகம் இருக்கிறது; கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பீடங்கள் இருக்கின்றன. குளமும் முதலையும் விரியனும் நம் அயலிலேயே இருக்கின்றன. இங்குள்ள விவசாயியின் பிள்ளையும் கல்வாரியின் பிள்ளையைப்போலக் கேள்வி கேட்கட்டும். அதற்கான ஆய்வுகூடத்தைக் கோருவதும் கொக்குத்தொடுவாய் எலும்புகளுக்குப் பெயர் கோருவதும் ஒரே போராட்டமாகும்.