உலக வரலாறு தீட்டா?

எங்க சேரிக் கோயில் பிரசங்கத்துல லூதர் வருவார், வெஸ்லி வருவார். அம்பேத்கர் மட்டும் வரமாட்டார். கேட்டால், "அது உலக வரலாறு, நமக்கு வேதம் போதும்" என்கிறார்கள்.

வேதம் என்ன சொல்லுது? எகிப்தில் செங்கல் அறுத்த அடிமைகளின் விடுதலையைச் சொல்லுது. நம் விசுவாசப் பிரமாணத்தில் ரோம அதிகாரி பிலாத்துவின் பெயர் இருக்கிறது. பாரசீக அரசன் கோரேசுவைக் கர்த்தர் அபிஷேகம் பண்ணினவர் என்கிறது ஏசாயா. அவன் யூதனா? உலக வரலாற்றைக் கழித்துவிட்டால் வேதத்தில் மிஞ்சுவது என்ன?

பிறகு ஏன் தனஞ்செய் கீர் 1954இல் எழுதிய அம்பேத்கர் வரலாறும், இரட்டைமலை சீனிவாசன் 1939இல் எழுதிய தன் வரலாறும் கோயில் அலமாரிக்கு ஆகாது?

பயம்தான். இந்துவாகச் சாகமாட்டேன் என்று 1935இல் இயோலாவில் சொன்னவர் 1956இல் நாகபுரியில் பௌத்தம் தழுவினார். கிறிஸ்தவர்களான தீண்டப்படாதோரையும் சாதி விடவில்லை என்று எழுதியும் வைத்தார். பொய்யா அது? வடக்கன்குளம் கோயிலுக்குள் சாதியைப் பிரித்து நின்ற சுவர் 1910இல்தானே இடிபட்டது!

அவரைப் பாதிக் கிறிஸ்தவராக்கி நம்ம கணக்கில் சேர்க்கவும் வேண்டாம். ஏன் நம்மிடம் வரவில்லை என்று கேட்டு வாசிப்போம். ஆமோசின் கண்டனத்தைப் பீடத்தில் வாசிக்கிற சபை, அம்பேத்கரின் கண்டனத்தையும் காது கொடுத்துக் கேட்கட்டும்.