ஆள் எடுப்பு நிறுத்தம்

நண்பன் ஆபீஸில் புதுசாய் ஆள் எடுத்துப் பத்து வருஷமாச்சு. நாற்பது வயசுக்காரர்தான் அங்கே 'தம்பி'. இதே கதி ஒரு கேலக்ஸிக்கும். பெயர் இஎஸ்ஓ 137-001. தூரம் சுமார் 22 கோடி ஒளியாண்டு.

நார்மா என்ற கேலக்ஸிக் கூட்டத்துக்குள் அது பாய்ந்துகொண்டிருக்கிறது. கூட்டம் முழுக்கக் கோடிக்கணக்கான டிகிரிச் சூட்டில் மெல்லிய வாயு. ஸ்கூட்டரில் விரட்டினால் எதிர்க்காற்று தொப்பியைப் பிடுங்குமே, அதேதான். கேலக்ஸியின் சொந்த வாயு பிய்ந்து பின்னால் போகிறது. வால் மட்டும் 2,60,000 ஒளியாண்டு நீளம்! நட்சத்திரங்கள் சட்டைப்பைச் சாவிக்கொத்து மாதிரி, காற்றுக்கு மசியாது.

அப்புறம் என்ன நஷ்டம்? பி.காம். படித்தவனைக் கேளுங்கள் ஸார். சரக்கு இருக்கிறது, கச்சாப்பொருள் போச்சு. வாயு இல்லாமல் புது நட்சத்திரம் பிறக்காது. பெரிய நீல நட்சத்திரங்கள் ஊதாரிகள். சில கோடி வருஷத்தில் காலி. சிக்கனமான சின்னச் சிவப்புகள்தான் பல ஆயிரம் கோடி வருஷம் சீட்டைத் தேய்க்கும். பறிப்பு விளிம்பில் ஆரம்பிப்பதால் கிழடு தட்டுவதும் முதலில் அங்கேதான். நடுவில் மிச்சமிருக்கும் வாயுவில் இன்னும் கொஞ்சம் பிரசவம் நடக்கிறது.

வேடிக்கை, பறிபோன வாலிலும் நட்சத்திரம் பிறக்கிறது. 2014-ல் வெளியான ஹப்பிள் படத்தில் நீலக் கீற்றுகளாய்த் தெரியும். வேலையை விட்டுப்போன கேஷியர், ஆபீஸ் வாசலிலேயே ஜெராக்ஸ் கடை போட்ட மாதிரி.