ஓவியர் வாழ்ந்த வீடு

பியாஸ் ஆறு பாயும் குலு பள்ளத்தாக்கின் மேலே, நக்கர் என்னும் மலையூரில் ருஷ்ய ஓவியர் நிக்கோலஸ் ரோரிக் வாழ்ந்த வீடு இன்று ஒரு சிறிய அருங்காட்சியகம். 1928இல் குடும்பத்தோடு அங்கே வந்து தங்கியவர், 1947 டிசம்பரில் அங்கேயே கண்மூடினார். அவர் தீட்டிய இமயச் சிகரங்கள் உள்ளே தொங்குகின்றன. வெளியே வந்தால் மெய்யான சிகரங்கள். போர் மூண்டாலும் கோயிலும் கலைக்கூடமும் கல்விச்சாலையும் அழியக் கூடாது என்று வாதாடிய மனிதர் அவர். 1935 ஏப்ரல் 15இல் 21 அமெரிக்க நாடுகள் வாஷிங்டனில் ஒப்பமிட்ட உடன்படிக்கை அவர் பெயராலேயே வழங்குகிறது. பத்தாண்டு கழிவதற்குள் வார்சா நகரம் இடிபாடாகிக் கிடந்தது. இழந்த பிறகே மனித குலம் காவலைப் பற்றி யோசிக்கிறது. 1954இல் ஹேக் நகரில் உலக நாடுகள் அதே எண்ணத்துக்கு மறுபடி வந்து சேர்ந்தன.

கலைஞரை நினைவில் வைப்பதில் நம் முன்னோரின் வழக்கமும் எண்ணிப் பார்க்கத்தக்கது. தஞ்சைப் பெரிய கோயிலில் ஆடிய தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயரையும், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பதையும் இராசராசன் கல்லில் வெட்டி வைத்தான். அதே கோயிலின் உட்சுற்றில் சோழர் கால ஓவியங்கள், பிற்காலப் பூச்சுக்கு அடியில் மறைந்திருந்து 1931இல் வெளிப்பட்டன. அவற்றைத் தீட்டிய கைகள் யாருடையவை? வீட்டை விடுங்கள், பெயரே நமக்கு எட்டவில்லை. படைப்பைத் தொழுது படைத்தவரை மறப்பதில் ஒரு பெருந்தன்மை இருப்பதாகச் சிலர் சொல்வார்கள். எனக்கு அது இழப்பாகவே படுகிறது.

ரோரிக்கின் மகன் ஸ்வெதோஸ்லாவும் ஓவியர். நடிகை தேவிகா ராணியை மணந்து, பெங்களூரை அடுத்த தாதகுணியில் வாழ்ந்தார். 1993இல் அவரும், மறு ஆண்டு தேவிகா ராணியும் மறைந்தார்கள், பிள்ளைகள் இல்லை. அவர்களின் 468 ஏக்கர் தோட்டத்தைக் கையகப்படுத்தக் கர்நாடக அரசு சட்டம் இயற்றியது. வழக்கு நீண்டு, 2011இல்தான் உச்ச நீதிமன்றம் அச்சட்டத்தை உறுதி செய்தது. தந்தையின் வீடு நிலைத்ததற்குக் காரணம், அதைப் பேணும் அறக்கட்டளையை மகன் உயிரோடு இருக்கும்போதே அமைத்ததுதான். தன் வீட்டுக்கு அவரால் அவ்வாறு செய்ய முடியவில்லை.

காவிரிக்கரைக் கோபிநத்தத்திலிருந்து பெங்களூர்வரை கர்நாடக மண்ணில் வாழும் தமிழருக்குத் தாதகுணி அயலார் சொத்தன்று. உங்கள் ஊரில் ஓவியர் ஒருவரின் வீடு இன்னும் நிற்குமானால், அது நீதிமன்றப் படியேறும் முன்பே அதற்காகப் பேசுங்கள்.