கடைசி நிறுத்தம் வரை

விடுமுறை நெருங்கினால் நம் இல்லங்களில் ஒரே பேச்சுத்தான்: இந்த ஆண்டு எங்கே போவது? ஊட்டி, கொடைக்கானல், மூணாறு. வசதி படைத்தோருக்குத் துபாய், மலேசியா. வாகனம் பேசி, விடியுமுன் ஏறி அமர்கிறோம். பிள்ளைகள் உறங்கிவிடுகிறார்கள். கண் விழிக்கும்போது போய்ச் சேர வேண்டிய ஊர் வந்துவிடுகிறது. இடையில் கடந்து வந்த ஊர்களில் ஒன்றின் பெயரைக்கூட அவர்கள் அறிவதில்லை.

துபாய் மெட்ரோவின் நிலையங்களை வரிசையாகச் சொல்லும் பிள்ளைகள் நம் கடலோர ஊர்களில் இருக்கிறார்கள். ஆனால், முத்துப்பேட்டைக்கு அடுத்து தில்லைவிளாகம் என்றொரு நிலையம் இருப்பது அவர்களுக்குத் தெரியாது. இதில் பிள்ளைகளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. நாம் காட்டவில்லை, அவர்கள் பார்க்கவில்லை.

எனவே நாம் முன்வைக்கும் யோசனை எளியது. விடுமுறையில் ஒரு நாளை, ஓர் இடத்திற்காக அன்றி ஒரு வழித்தடத்திற்காக ஒதுக்குங்கள். அதிகம் பேர் ஏறாத ஒரு ரயிலில், அல்லது கடைக்கோடிக் கிராமத்தில் போய்த் திரும்பும் ஒரு பேருந்தில், குடும்பத்தோடு கடைசி நிறுத்தம் வரை சென்று வாருங்கள்.

நமக்கு அருகிலேயே இருக்கும் திருவாரூர்–காரைக்குடி பாதையை எடுத்துக்கொள்வோம். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், பட்டுக்கோட்டை, பேராவூரணி, அறந்தாங்கி என நம் மக்கள் நிறைந்து வாழும் ஊர்களைத் தொட்டுச் செல்லும் இந்தப் பாதை ஏறத்தாழ 150 கிலோமீட்டர். அகலப்பாதையாக மாற்றப்பட்டு 2019 ஜூனில் டெமு ரயில் ஓடத் தொடங்கியபோது, வழியெங்கும் இருந்த கேட்டுகள் பலவற்றில் கேட் கீப்பர்கள் இல்லை. அதற்குக் கண்டுபிடித்த வழி விந்தையானது. கேட் கீப்பர்கள் ரயிலிலேயே பயணம் செய்தார்கள். கேட்டுக்கு முன்னால் ரயில் நிற்கும். முன்பெட்டியிலிருந்து ஒருவர் இறங்கிப் போய்க் கேட்டை மூடுவார். ரயில் கடந்து சென்று மீண்டும் நிற்கும். பின்பெட்டியிலிருந்து இன்னொருவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். இப்படியே கேட்டுக்குக் கேட் நின்று, மொத்தப் பயணமும் ஆறு மணி நேரத்தைத் தாண்டியது. இன்று நிலை மாறிவிட்டது. தாம்பரம்–செங்கோட்டை விரைவு ரயில் 2023 முதல் இதே பாதையில் செல்கிறது. ஆனால், ஒரு ரயில் ஓடுவதற்குப் பின்னால் எத்தனை மனிதக் கைகள் இருக்கின்றன என்பதை அந்த மெதுவான ரயில் கற்பித்ததுபோல் எந்தப் பாடப்புத்தகமும் கற்பிக்காது.

அதே பாதையில் திருத்துறைப்பூண்டியில் இறங்கினால் இன்னொரு சிறு கிளைப்பாதை பிரிகிறது. கரியாப்பட்டினம், நெய்விளக்கு, தோப்புத்துறை, வேதாரண்யம் வழியாக அகஸ்தியம்பள்ளியில் முடியும் அந்தப் பாதையின் நீளம் 37 கிலோமீட்டர்தான். மீட்டர்கேஜ் காலத்தில் கோடியக்கரை வரை சென்ற தடம் அது. அகலப்பாதைப் பணிகள் முடிந்து 2023 ஏப்ரலில் மீண்டும் ரயில் வந்தது. பாதை முடியும் இடத்தில் உப்பளங்கள் வெள்ளை வெளேரெனப் பரந்து கிடக்கின்றன. 1930இல் இராஜாஜியின் தலைமையில் திருச்சியிலிருந்து நடந்து வந்த தொண்டர்கள் உப்பெடுத்துச் சட்டத்தை மீறிய மண் அது. வீட்டில் நாம் நாள்தோறும் கறியில் இடும் உப்பு எங்கே, யாருடைய வெயிலில் விளைகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட வேறு வகுப்பறை வேண்டுமா?

நம்மில் சிலர் கேட்கக்கூடும்: காரணமில்லாமல் பயணம் போவது வீண் அல்லவா? நியாயமான கேள்வி. திருமணம், மருத்துவமனை, உம்ரா என்று நோக்கத்தோடு புறப்பட்டே பழகியவர்கள் நாம். ஆயினும், பூமியில் பயணம் செய்து பார்க்குமாறு இறைமறை மீண்டும் மீண்டும் மனிதனை அழைக்கிறது. பார்ப்பதே ஒரு நோக்கம்தான். செலவு என்று பார்த்தாலும், ஒரு வாடகை வாகனத்தின் டீசல் காசுகூட ஆகாது. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமே இல்லை. வீண்செலவு எது என்பதை நாமே எண்ணிப் பார்த்துக்கொள்ளலாம்.

கழிப்பறை, தொழுகை, திரும்பி வரும் நேரம் ஆகியவை பற்றிய தாய்மார்களின் கவலை உண்மையானது. அதை நாம் தட்டிக்கழிக்கவில்லை. பகல் வேளையையே தேர்ந்தெடுங்கள். கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று ஏறும்போதே நடத்துநரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். உணவும் தண்ணீரும் தொழுகை விரிப்பும் கையில் இருக்கட்டும்.

சென்ற கோடையில் நாம் குடும்பத்தோடு நாகை மாவட்டத்தின் கடைக்கோடிக் கிராமம் ஒன்றுக்குப் பேருந்தில் சென்றோம். கடைசி நிறுத்தத்திற்குப் பயணச்சீட்டுக் கேட்டதும் நடத்துநர், "யார் வீட்டுக்குப் போறீங்க?" என்றார். யார் வீட்டுக்கும் இல்லை, சும்மா பார்க்க என்றதும் நம்மை ஏற இறங்கப் பார்த்துச் சிரித்தார். பேருந்து திரும்பிப் புறப்பட நேரம் இருந்தது. லுஹர் வேளை வந்துவிட்டது. எங்கே தொழுவது என்று நாம் நின்றுகொண்டிருந்ததைக் கண்ட ஒரு மூதாட்டி, தம் வீட்டுத் திண்ணையைக் கூட்டித் தண்ணீர் தெளித்து, "உங்க ஆளுங்க மேற்கே பாத்துத்தானே தொழுவீங்க, அந்தப் பக்கம்தான்" என்று கைகாட்டினார். தொழுது முடித்ததும் பிள்ளைகளுக்கு நுங்கு வெட்டிக் கொடுத்தார். காசு நீட்டியபோது வாங்க மறுத்துவிட்டார். அண்டை வீட்டார் உரிமை பற்றி எத்தனையோ பயான்களை நம் பிள்ளைகள் கேட்டிருக்கிறார்கள். அந்த அண்டை வீட்டாரை அவர்கள் நேரில் கண்டது அன்றுதான்.

திரும்பும்போது அதே பேருந்தில் ஒரு கல்லூரி மாணவி ஏறினாள். இந்த வண்டி தினமும் வருமா என்று கேட்டோம். "வந்தாத்தான் காலேஜ். வரலைன்னா வீடு" என்றாள். அந்தச் சொல் இன்னும் நம் காதில் இருக்கிறது.

இங்கேதான் இது பொழுதுபோக்கு என்ற எல்லையைத் தாண்டுகிறது. இருக்கைகள் காலியாகக் கிடக்கும் தடம் முதலில் ஒரு நடையை இழக்கும். பிறகு மாலை வண்டி நிற்கும். பிறகு தடமே இல்லாமற்போகும். கார் வைத்திருக்கும் நமக்கு அது செய்தியாகக்கூடத் தெரியாது. மாதந்தோறும் மருத்துவமனைக்குச் செல்லும் முதியவருக்கும், படிப்பை நிறுத்திவிடு என்று சொல்ல வீட்டார் ஒரு காரணத்திற்காகக் காத்திருக்கும் பெண்பிள்ளைக்கும்தான் தெரியும். அப்படிப்பட்ட பெண்பிள்ளைகள் நம் வீடுகளிலும் இருக்கிறார்கள்.

ரயில் வேண்டும் என்று நம் ஊர்களில் கையெழுத்து வாங்கி மனு அளித்தோம். ரயில் வந்தது, அல்ஹம்துலில்லாஹ். முதல் நாள் மாலை போட்டு, இனிப்பு வழங்கிப் புகைப்படமும் எடுத்துக்கொண்டோம். மறுநாள் காரில் புறப்பட்டுவிட்டோம். இதை நாம் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

தடங்கள் நிலையானவை அல்ல. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்ட பின், சென்னையில் ரயிலேறி, தனுஷ்கோடியில் கப்பல் மாறி, தலைமன்னார் வழியே கொழும்பு வரை செல்ல முடிந்தது. வணிகத்திற்காக இலங்கை சென்ற நம் முன்னோர் பலருக்குப் பழகிய வழி அது. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியையும், பயணிகளோடு ஒரு ரயிலையும் கடல் கொண்டுபோனது. போட் மெயில் என்ற பெயர் இன்றும் இராமேசுவரம் ரயிலுக்கு இருக்கிறது. ஏறிச் செல்லக் கப்பல்தான் இல்லை. அந்தத் தடத்தைப் புயல் பறித்தது. நம் ஊர்த் தடங்களைப் பறிக்கப் புயல் வேண்டியதில்லை. நாம் ஏறாமல் இருந்தாலே போதும்.

வரும் விடுமுறையில் ஒரே ஒரு நாள். வாப்பாவும் உம்மாவும் பிள்ளைகளும், முடிந்தால் வீட்டிலிருக்கும் மூத்தவர்களும் சேர்ந்து புறப்படுங்கள். பயண துஆவைப் பிள்ளைகளையே ஓதச் சொல்லுங்கள். சன்னலோர இருக்கையை அவர்களுக்குக் கொடுத்துவிட்டு, கைபேசியைப் பைக்குள் வைத்துவிடுங்கள். வழியில் வரும் ஒவ்வோர் ஊரின் பெயரையும் அவர்கள் வாய்விட்டு வாசிக்கட்டும். இன்ஷா அல்லாஹ், அடுத்த முறை எங்கே போவது என்று அவர்களே சொல்வார்கள்.